ஆல்ட்ரின் சம்மாட்டி வண்டியின் முன் ஷாஃப்ட்

என் தம்பி மெல்வினை உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் அவன் உங்களிடம் நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டான். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட வொர்க்ஷாப்பில், ஏதாவதொரு வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் அவன். வாசலில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவன் எல்லாரிடமும் வாயடிக்கிறவள் நான், அவனுடைய அக்கா அமலி. அவனுக்கும் சேர்த்து நானே பேசிவிடுகிறேன் என்று சனங்கள் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கென்ன.

கீழவைப்பாருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடற்கரை ஊர் எங்களுடையது. அப்பா கடலுக்குப் போனார், சித்தப்பா கடலுக்குப் போனார், மெல்வின் மட்டும் போகவில்லை. அவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. வள்ளத்தில் ஏறிக் கொஞ்ச தூரம் போவதற்குள் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பான். கடற்கரையில் பிறந்து இப்படியும் ஒருத்தனா என்று சிரிக்காத ஆள் இல்லை. அந்தச் சிரிப்புக்குப் பயந்தே மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின் பார்க்கிற ஒரு பட்டறையில் போய்ச் சேர்ந்துகொண்டான். பிறகு மஸ்கட் போனான். அங்கே மணலில் ஓடுகிற ஃபோர் வீல் வண்டிகளின் அடியிலேயே அவன் இளமை முழுக்கக் கழிந்தது. ஊருக்கு வந்தால் எல்லாருக்கும் சென்ட் பாட்டில் கொண்டுவருவான், யாரிடமும் பேசாமல் ஒரு மாதம் படுத்துக் கிடப்பான், திரும்பிப் போய்விடுவான்.

என் வீட்டுக்காரர் ஜெரோமை அடக்கம் பண்ண வந்தவன்தான் அப்புறம் போகவில்லை. ஏன் போகவில்லை என்று நானும் கேட்கவில்லை. என்னையும் என் மகள் ஜெனிட்டாவையும் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்து, முன்னால் வொர்க்ஷாப்பும் பின்னால் வீடுமாக இந்த இடத்தைப் பிடித்தான். இன்றைக்கு ஹார்பர் கான்ட்ராக்டர்கள் வண்டியாகட்டும், உப்பளத்து வண்டியாகட்டும், ஃபோர் வீல் தகராறு என்றால் இந்தச் சந்துக்குள்தான் வரவேண்டும்.

ஜெரோம் செத்ததைச் சொல்லாமல் மேற்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. சொன்னால் எனக்கு வயிறு பற்றி எரியும். பரவாயில்லை, எரியட்டும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆனி மாதம். கரைக்குத் திரும்பி வருகிற நேரத்தில் ஜெரோமின் வள்ளத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. கடல் திடீரென்று கொந்தளித்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊர்க் கரையில் தெற்குப் பக்கம் பாறை. வள்ளம் மெல்ல மெல்ல அந்தப் பாறையைப் பார்த்துத் தள்ளிக்கொண்டு போனது. கூட இருந்தவன் கயிற்று நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்தி வந்து கரையில் சேர்ந்துவிட்டான். கயிறு கைக்கு வந்தாயிற்று. இனி அதை ஒரு வண்டியில் மாட்டி இழுத்தால் வள்ளம் மணலில் ஏறிவிடும். எங்கள் கரையில் அப்படித்தான் செய்வோம். வண்டி வைத்திருக்கிறவர் இழுத்துக் கொடுப்பார், மறுநாள் அவர் வீட்டுக்குக் குழம்புக்கு மீன் போகும். இதற்கென்று யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

வண்டி ஆல்ட்ரின் சம்மாட்டியிடம் இருந்தது. சம்மாட்டி என்றால் எங்கள் பக்கம் படகுக்குச் சொந்தக்காரர். அவனுக்கு நாலைந்து படகு உண்டு. ஜெரோமுக்கு அவன் பெரியப்பா மகன். நாலு கதவும் பின்னால் தொட்டியும் வைத்த பெரிய ஃபோர் வீல் வண்டி அவனுடையது. கரையை ஒட்டித்தான் வீடு. நான் மணலில் விழுந்து எழுந்து ஓடினேன்.

"அத்தான், வண்டிய எடுங்க! அவுகள பாறைக்குத் தள்ளிக்கிட்டுப் போகுது!"

கேட்டுக்குள் நின்றுகொண்டு சொன்னான்: "ஃபோர் வீல் விழ மாட்டேங்குளா. மோட்டார் செத்துட்டு. இப்பம் மணல்ல எறக்குனா வண்டி பொதைஞ்சிரும். நான் என்ன செய்ய?" ஸ்விட்சைத் திருப்பினால் முன் சக்கரங்களுக்கும் இழுவையைக் கொடுக்கிற சின்ன மோட்டாரைச் சொன்னான்; அது இல்லாமல் வண்டி மணலில் ஓடாது.

காலில் விழுந்தேன். கேட்டுக் கம்பிக்குக் கீழே கையை விட்டு அவன் காலைப் பிடித்தேன். காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். கரையில் ஆம்பிளை, பொம்பிளை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரைக்கும் அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தும் விடவில்லை. ஒரு பெரிய அலை வந்து வள்ளத்தைத் தூக்கிற்று, கயிறு எல்லார் கையையும் அறுத்துக்கொண்டு போயிற்று. வள்ளம் பாறைமேல் குப்புற விழுந்தது. ஜெரோம் அதற்கு அடியில் இருந்தார்.

ஊர்க் கமிட்டியில் பேச்சு வந்தது. மோட்டார் நிஜமாகவே கெட்டுக் கிடந்ததா என்று நான் நேருக்கு நேர் கேட்டேன். ஆல்ட்ரின் எழுந்து போய்க் கடற்கரைக் குருசடியில் சிலுவைமேல் கையை வைத்தான். "என் வண்டியில ஃபோர் வீல் மோட்டார் செத்துக் கெடந்துச்சு. பொய்யின்னா என் கை அழுகட்டும்" என்றான். எங்கள் ஊரில் குருசடியில் சத்தியம் பண்ணினவனை அதற்கு மேல் எவரும் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் குருசடியையே சந்தேகப்பட்ட மாதிரி. அத்தோடு என் வாயை அடைத்துவிட்டார்கள். இந்த வாயை அடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். அடைத்துவிட்டார்கள்.

ஜெரோமின் மாதப் பூசை முடியவில்லை, அதே வண்டி கரையில் இறங்கி ஆல்ட்ரினின் படகை ஜம்மென்று இழுத்தது. கேட்டதற்கு, "நாகர்கோவில்ல விட்டுப் புது மோட்டார் மாத்திட்டேன்" என்றானாம். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நான் மட்டும் ராத்திரி பகல் அவனைக் கரித்துக் கொட்டினேன். நீ விளங்க மாட்டே, உன் கை அழுகிப் போகும், உன் படகெல்லாம் பாறையில ஏறும். எதுவும் நடக்கவில்லை. அவன் இன்னும் ஒரு படகு வாங்கினான்.

ஏன் செய்தான்? அதைத்தான் யோசித்துக்கொண்டே இருந்தேன். ஜெரோம் முதலில் அவன் படகில்தான் வேலை பார்த்தார். சொந்த வள்ளம் வாங்கி விலகியது அவனுக்குப் பிடிக்கவில்லையோ? கோயில் திருநாளில் கொடி பிடிக்கிற சண்டையில் ஜெரோம் இவனை எதிர்த்துப் பேசியதை மனதில் வைத்திருந்தானோ? ஒரு மனுசனைச் சாக விடுகிற அளவுக்கு உள்ளே எவ்வளவு விஷம் இருக்கவேண்டும். அந்த விஷத்தைத் தேடித் தேடி நானே விஷமாகிப்போனேன்.

இப்படி இருக்கும்போது, போன மாதம் ஒரு நாள் காலையில் அந்த வண்டி எங்கள் சந்துக்குள் நுழைந்தது.

ஆல்ட்ரின்தான் ஓட்டி வந்தான். இறங்கி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவன் போல, "என்னளா அமலி, சுகமா இருக்கியா? பிள்ள எத்தனாவது படிக்கா?" என்று கேட்டான்.  சத்தியம் பண்ணியாயிற்று, விஷயம் முடிந்தாயிற்று என்று அவன் நிஜமாகவே நினைத்துவிட்டான் பாருங்கள். ஃபோர் வீல் மோட்டார் இப்போது கெட்டுவிட்டதாம், கம்பெனி சர்வீஸில் புதுசு வர நாளாகும் என்றார்களாம். மெல்வின்தான் இந்தக் கரையில் ஃபோர் வீலுக்கு ஆள் என்று ஊரெல்லாம் சொல்கிறதாம். பார், தெரிந்த பிள்ளை இருக்கும்போது வெளியாளிடம் எதற்குப் போகவேண்டும் என்கிறான் அந்தப் பாவி.

மெல்வின் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். ஆல்ட்ரினைப் பார்த்தான். சாவிக்குக் கையை நீட்டினான்.

"என்ன செய்யுது சம்மாட்டி?"

"ஸ்விட்சைத் திருப்புனா லைட்டு மினுக்கிக்கிட்டே கெடக்குலே. முன் சக்கரத்துக்கு இழுவையே இல்ல."

"விட்டுட்டுப் போங்க. பாக்கேன்."

அவன் போன பிறகு நான் போட்ட சத்தத்தில் எதிர்க் கடை டீ மாஸ்டர் காசிலிங்கம் ஓடி வந்துவிட்டார். "ஏலே, உனக்குச் சூடு சொரணை இருக்கால? உன் அத்தானக் கொன்னவன் வண்டியில கை வைக்கப் போறியா? தீய வச்சிக் கொளுத்து!" என்று கத்தினேன். மெல்வின் வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரும்பு ஸ்டாண்டுகளைக் கொடுத்து நிறுத்தினான். முன் சக்கரம் இரண்டையும் கழற்றி உருட்டி வைத்தான். பலகையில் மல்லாந்து உள்ளே போனான். அவ்வளவுதான் பதில்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து சத்தம் வந்தது. "அக்கா. இங்கன வா."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் படுத்து உள்ளே நகர்ந்தேன். மீன் எண்ணெய் நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. விளக்கைக் காட்டினான். வண்டியின் அடி முழுக்க, போல்ட், குழாய், இரும்பு என்று ஒன்று விடாமல், கறுப்பும் பழுப்புமாக ஒரு தடித்த பொருக்கு பிடித்திருந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆல்ட்ரினின் பைத்தியம் ஊருக்கே தெரியும். உப்பு அரிக்காமல் இருக்கப் படகின் அடிக்குக் குங்கிலியம் கலந்த மீன் எண்ணெய் பூசுவோம். அவன் தன் வண்டிக்கும் வருஷா வருஷம் அதையே பூசுவான். வண்டி வாங்கி வந்த வாரமே ஆள் வைத்து முதல் பூச்சு பூசினான். படகுக்குப் பூசுகிறதை வண்டிக்குப் பூசலாமா என்று எவனும் யோசிக்கவில்லை, சம்மாட்டி செய்கிறார் என்று இன்னும் இரண்டு பேர் செய்தார்கள்.

"இந்த எண்ணெய்தான் மோட்டாரக் கெடுத்துருக்கு" என்றான் மெல்வின். "மூச்சு விடுததுக்கு ஒரு சின்னக் குழாய் இருக்கும். அத அடைச்சிட்டு. உள்ள ஈரம் நின்னு துருப்பிடிச்சிட்டு."

"கெடட்டும். அதச் சொல்லவா கூப்ட்ட?"

அவன் விளக்கை நகர்த்தினான். கியர் பெட்டியிலிருந்து முன் சக்கரங்களை நோக்கிப் போகிற நீளமான ஷாஃப்ட் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒதுக்குப்புறமாக, கை நுழையாத இடத்தில் ஒரு சின்ன மோட்டார். "இந்த முன் ஷாஃப்டக் கழட்டாம அந்த மோட்டார எவனாலயும் எடுக்க முடியாது. வழியே இல்ல" என்றான். பிறகு கத்தி முனையால் ஷாஃப்டின் போல்ட் ஒன்றைச் சுரண்டினான். ஒரு படலம் உரிந்தது. அதற்குக் கீழே இன்னொரு படலம், அதற்கும் கீழே இன்னொன்று. கடைசியில் இரும்பு தெரிந்தது. இரும்பின் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு.

"கம்பெனியில முறுக்கி முடிச்சதும் போடுத பெயின்ட்டு. ஸ்பேனர் பட்டா இந்தக் கோடு ஒடைஞ்சி போயிரும். ஒரு போல்ட்லயும் ஒடையல. இந்த ஷாஃப்ட யாரும் இது வரைக்கும் கழட்டல."

அவன் கையிலிருந்த விளக்கைப் பிடித்து அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். "அப்பம் நாகர்கோவில்ல?"

"ஒண்ணும் மாத்தல. இது வண்டியோட வந்த மோட்டார்தான்."

"செத்த மோட்டார் தானா எந்திரிச்சி ரெண்டு வருசம் ஓடுமாலே?"

"ஓடாது" என்றான்.

நான் அங்கேயே, அந்த நாற்றத்துக்குள் படுத்தபடி அழுதேன். துக்கத்தில் இல்லை. ஆத்திரத்தில். குருசடியில் கை வைத்து என் புருசன் சாவின்மேல் பொய்ச் சத்தியம் பண்ணியிருக்கிறான். அன்றைக்கு அந்த மோட்டார் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. ஒரு ஸ்விட்சைத் திருப்பியிருந்தால் ஜெரோம் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார்.

மெல்வின் வேலையைத் தொடங்கினான். ஷாஃப்டும் அது பொருந்துகிற வட்டும் முன்பு இருந்த இடத்திலேயே திரும்பப் பொருந்தவேண்டும், மாறினால் ஓட்டத்தில் அதிரும் என்பதால், கழற்றுமுன் இரண்டிலும் சேர்த்து ஜெனிட்டாவின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டான். போல்ட்டுகள் லேசில் வரவில்லை. சூடு காட்டி, எண்ணெய் விட்டு, நீளக் குழாயை ஸ்பேனரில் செருகித் தொங்கினான். ஷாஃப்ட் கையோடு வந்ததும் பச்சைப் பிள்ளையை வாங்குகிற மாதிரி நெஞ்சில் தாங்கி இறக்கினான். பிறகு வயர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டாரைக் கழற்றினான். உள்ளிருந்து துரு கலந்த தண்ணீர் கொட்டியது.

புது மோட்டார் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தது. அதைப் பொருத்தி, ஷாஃப்டைக் கோடு பார்த்து மாட்டத் தொடங்கியபோது நான் சொன்னேன்: "ஏலே, முறுக்காத. கையால திருகி மட்டும் விடு. ஹைவேல வேகமாப் போகும்போது கழண்டு ரோட்டுல குத்தட்டும். வண்டி பல்டி அடிக்கட்டும்."

"பின்னால வேற எவனாவது பைக்ல வருவான் அக்கா."

"வந்தா வாரான்!"

பலகையோடு வெளியே நகர்ந்து வந்து என் முகத்தைப் பார்த்தான். அவன் அப்படி நேராகப் பார்ப்பது அபூர்வம். "உனக்கு அவன் சாவணுமா, சொல்லணுமா?"

"ரெண்டுந்தாம்ல!"

"ஒண்ணக் கேளு" என்றுவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டான்.

நானா விடுவேன்? மத்தியானம் அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஸ்பேனரோடு உள்ளே புகுந்தேன். ஒரு போல்ட்டைத் தொங்கி இழுத்துக் கால் திருப்பு திருப்பிவிட்டேன். அடுத்ததில் கை வைப்பதற்குள் காசிலிங்கம் டீ கொண்டுவந்துவிட்டார், வெளியே வந்துவிட்டேன். மெல்வின் வந்து அடியில் படுத்தான். முறுக்கின ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதே நகப்பூச்சில் புள்ளி வைத்திருக்கிறான் போலிருக்கிறது. "ஒண்ணு திரும்பியிருக்கு" என்று மட்டும் சொன்னான். கிறீச்சென்று ஸ்பேனர் சத்தம் கேட்டது. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவனுக்கு ராத்திரிச் சாப்பாடு போடவில்லை. அவனே போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான்.

இவனுக்கு ரத்தமே ஓடவில்லை என்று அப்போது நினைத்தேன். வண்டி எடுக்க ஆல்ட்ரின் வந்தபோதுதான் என் தம்பி யார் என்று எனக்கே தெரிந்தது.

வண்டி எடுக்கத் தன் படகில் வேலை பார்க்கிற இன்னாசியையும் கூட்டிக்கொண்டு வந்தான். இன்னாசி அன்றைக்குக் கயிற்றில் முதல் ஆளாக நின்றவன். அவனுடைய வலது கையில் இரண்டு விரல்கள் இன்றைக்கும் மடங்காது. வண்டி இன்னும் ஸ்டாண்டில்தான் நின்றது, முன் சக்கரங்கள் மாட்டவில்லை. ஒரு பக்கம் சுவர்.

"சக்கரத்த மாட்டிட்டு இறக்கித் தாரேன், அஞ்சு நிமிசம்" என்றான் மெல்வின்.

"இருலே. அடியில எப்படி வேலை செஞ்சிருக்கேன்னு ஒருக்கப் பாத்துக்கிடுதேன்." படகை வாங்கும்போது அடியைத் தடவிப் பார்ப்பானே, அதே தோரணை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தப் பெரிய தொந்தியோடு பலகையில் படுத்து உள்ளே போய்விட்டான். அடுத்த நிமிஷம் அடியிலிருந்து அலறினான்.

"எவன்லே என் எண்ணெயச் சுரண்டுனவன்? நாசமாப் போறவனே! எத்தன வருசத்துப் பூச்சு தெரியுமா? கல்லு மாதிரி கெடந்துச்சேலே!"

"ஷாஃப்ட் கழட்டுன எடத்துல மட்டுந்தான் சம்மாட்டி."

"வண்டி வாங்குன நாள்ல இருந்து இந்த அடியில ஒரு ஸ்பேனர் பட்டது கிடையாது! ஒருத்தனத் தொட விட்டது கிடையாது! ஏலே இன்னாசி, நீ சொல்லுலே, நான் யாரையாவது தொட விட்டிருக்கேனா?"

 இன்னாசி மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தான். 

மெல்வின் குனிந்து, வழக்கமான அதே அமுங்கிய குரலில் கேட்டான்: "அப்பம் நாகர்கோவில்ல மோட்டார எந்த வழியா மாத்துனாவ சம்மாட்டி?"

"அது... அது வேற வழியாலே..." என்று அடியிலிருந்து இழுத்தான்.

மெல்வின் டிராலி ஜாக்கியை வண்டியின் முன்பக்கத்துக்கு நடுவில் தள்ளினான். இரண்டு தரம் அமுக்கினான், வண்டி கொஞ்சம் மேலே எழுந்தது. பிறகு குனிந்து ஒரு ஸ்டாண்டை இழுத்தான். சிமென்ட் தரையில் இரும்பு உரசுகிற சத்தம் இருக்கிறதே, அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். சுற்றிப் போய் இன்னொரு ஸ்டாண்டையும் இழுத்தான். சக்கரம் இல்லாத முன்பக்கம் இப்போது அந்த ஒரு ஜாக்கியின்மேல்தான் நின்றது. ஆல்ட்ரின் வெளியே வரவேண்டிய பக்கத்தில் ஒரு டயரைப் படுக்கப் போட்டு அதன்மேல் மெல்வின் உட்கார்ந்துகொண்டான். ஜாக்கியின் கைப்பிடியை என் பக்கம் நீட்டினான்.

"பிடி அக்கா. இடப் பக்கம் திருப்புனா எறங்கும்."

"ஏலே! என்ன செய்யுதீய? இன்னாசி! ஏலே இன்னாசி, பிடிலே அவள!"

இன்னாசி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

நான் பிடித்தேன்.  இரண்டு வருஷமாக நான் விட்ட எல்லாச் சாபமும் என் உள்ளங்கையில் ஒரு இரும்புக் கம்பியாக வந்து நின்றது. "அன்னைக்கு மோட்டார் ஓடுச்சா, இல்லையா?" என்று கேட்டேன்.

"ஏளா, நான் குருசடியில..."

இடப் பக்கம் ஒரு துளி திருப்பினேன். உஸ்ஸென்று மூச்சு விட்டு வண்டி ஒரு விரல்கடை இறங்கியது. உள்ளே அவன் போட்ட கூச்சலைக் கேட்டுக் காசிலிங்கம் டீக்கடையைவிட்டு ஓடி வந்து வாசலில் நின்றார். அவரோடு டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர்களும் வந்தார்கள். ஒருத்தரும் உள்ளே வரவில்லை.

"ஓடுச்சு! ஓடுச்சுளா! நல்லாத்தான் ஓடுச்சு!"

"பொறவு ஏன் வரல?"

அவன் விசும்பினான். நான் காத்திருந்தேன். என் புருசன்மேல் அவனுக்கு இருந்த பகை இப்போது வெளியே வரும், அதைக் கேட்டுவிட்டு நான் திருப்பவேண்டியதைத் திருப்பிவிடுவேன். மெல்வின் என்னைத் தடுக்க மாட்டான் என்றும் தெரிந்தது. அவன் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"எண்ணெய்..." என்றான் உள்ளேயிருந்து.

"என்ன?"

"அன்னைக்குக் காலையிலதான் எண்ணெய் பூசினேன். காயல. பச்சையா கெடந்துச்சு. மணல்ல எறக்குனா அவ்வளவும் மண்ணு ஒட்டி வீணாப் போயிருமேன்னு... கையால இழுத்துருவாங்கன்னு நெனச்சேன் அமலி. இத்தன பேரு நிக்காங்களே, இழுத்துருவாங்கன்னு நெனச்சேன்."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. "திருப்பிச் சொல்லு" என்றேன். திருப்பிச் சொன்னான். இன்னொரு தரமும் சொல்லச் சொன்னேன், சொன்னான். பகை இல்லை. கொடிச் சண்டை இல்லை. வள்ளம் வாங்கின பொறாமை இல்லை. எண்ணெய் காயவில்லை. இன்னாசி தன் மடங்காத விரல்களை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, "மாதாவே" என்றான்.

இவ்வளவு காலம் நான் தேடிய விஷம் அங்கே இல்லவே இல்லை. ஒரு பெரிய கெட்டவனைக் கொல்லத்தான் அந்தக் கம்பியைப் பிடித்திருந்தேன். அடியில் கிடந்தது ஒரு அற்பன்.  மெல்வின் எழுந்து வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கைப்பிடியை வாங்கினான். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டுகளைக் கொடுத்தான். டயரை நகர்த்தினான்.

ஆல்ட்ரின் ஊர்ந்து வெளியே வந்தான். வேட்டி நனைந்திருந்தது. என் காலைத் தொட வந்தான், நான் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"கமிட்டியில வந்து சொல்லுதேன் அமலி. குருசடிக்கு நடந்தே போயி மன்னிப்புக் கேக்கேன். என்ன வேணும்னாலும் செய்யுதேன்."

"குருசடி உன் மூஞ்ச ஒருக்கப் பாத்தது போதும்" என்றேன். "என் மக உள்ள படிச்சிக்கிட்டு இருக்கா. அவ அப்பா ஏன் வரலன்னு ரெண்டு வருசமா என்கிட்ட கேக்கா. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். நீ போயிச் சொல்லு."

அவன் முகம் வெளுத்துவிட்டது. ஜாக்கி இறங்கியபோதுகூட அப்படி வெளுத்திருக்காது. "அது மட்டும் வேண்டாம் அமலி. சின்னப் பிள்ள. அவகிட்ட எப்படிளா..."

"இங்கன சொன்ன மாதிரியே சொல்லு. ஒரு வார்த்த கூடவும் கூடாது, கொறையவும் கூடாது."

"போங்க சம்மாட்டி" என்றான் இன்னாசி. தன் முதலாளியை அவன் அப்படி அதட்டி நான் பார்த்ததில்லை.

வொர்க்ஷாப்புக்குப் பின்னால் பத்தடியில் வீட்டு வாசல். ஜெனிட்டா கதவோரம் தரையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். முன்னால் நடந்த கூச்சல் கேட்டிருக்கும்; புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத்தான் எங்களைப் பார்த்தாள். ஆல்ட்ரின் வாசற்படிக்குக் கீழே நின்றான். நான் அவனுக்குப் பின்னால் நின்றேன், ஓடிவிடாமல் இருக்க. மெல்வின் என் பக்கத்தில் கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

சொன்னான். விக்கி விக்கித்தான் சொன்னான், ஆனால் முழுக்கச் சொன்னான். மோட்டார் நன்றாக இருந்ததையும் சொன்னான், அன்றைக்குக் காலையில் பூசியதையும் சொன்னான், காயவில்லை, அதனால் வண்டியை எடுக்கவில்லை என்பதையும் சொன்னான்.

ஜெனிட்டா அழவில்லை. அவள் குரல் தணிந்துவிட்டது. ஜெரோமுக்கும் அப்படித்தான், கோபம் வந்தால் குரல் தணிந்துவிடும்.

"இப்பம் காஞ்சிட்டா, பெரியப்பா?" என்று கேட்டாள்.

  ஆல்ட்ரின் திரும்பி, சாவியைக்கூடக் கேட்காமல், சந்து வழியாக நடந்து போனான். வண்டி இன்றைக்கும் எங்கள் வொர்க்ஷாப்பில்தான் நிற்கிறது. இது வரைக்கும் எடுக்க ஆள் வரவில்லை.